லாரி நிறுவனம் சொந்தமாக மென்பொருள் எழுதலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல் வட்டாரத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட சொந்த லாரிகளையும், லோடு மிஞ்சினால் வெளி லாரிகளையும் வைத்து ஓட்டும் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதச் சேர்ந்தவன் நான். அந்த நிறுவனம் தனக்கென ஒரு போக்குவரத்து மேலாண்மை மென்பொருளை எழுதிக்கொள்ள முடிவு செய்தபோது, நிரல் எழுதும் பிள்ளைகளுக்கும் லாரி ஷெட்டுக்கும் நடுவில் நின்று இவர்கள் பேச்சை அவர்களுக்கும் அவர்கள் பேச்சை இவர்களுக்கும் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகு லாரி உரிமையாளர்களும், பொறியியல் படித்துவிட்டு அப்பாவின் தொழிலுக்குள் வந்திருக்கும் அவர்கள் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

எல்லா வண்டியிலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. அதுவே போதாதா?

வண்டி எங்கே நிற்கிறது என்று ஜி.பி.எஸ். சொல்லும். எதற்காக நிற்கிறது, அப்படி நிற்பதற்கு யார் பணம் தர வேண்டும் என்று சொல்லாது. நாக்பூருக்கு வெளியே ஒரு குடோன் வாசலில் லோடு இறக்க ஆளில்லாமல் இரண்டு நாள் நின்றால், திரையில் அது அசையாத ஒரு புள்ளி. நமக்கு அது ஹால்டிங் வாடகை, ஓட்டுநருக்கு இரண்டு நாள் படி, பிடிக்க வேண்டிய ரிட்டர்ன் லோடு கைநழுவிய நட்டம். லோடு பேசிய நிமிடத்திலிருந்து கடைசி ரூபாய் வங்கியில் விழும் வரை நடப்பவை அனைத்தையும் ஒரே கயிற்றில் கட்டினால்தான் அது மேலாண்மை மென்பொருள். ஜி.பி.எஸ். அந்தக் கயிற்றில் ஒரு முடிச்சு.

சந்தையில் தயாராகக் கிடைக்கிறதே, எதற்காகச் சொந்தமாக எழுத வேண்டும்?

கிடைப்பதை வாங்கி ஒரு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் நாங்கள் எழுத உட்கார்ந்தோம். வாங்கியது மட்டமான சரக்கு அல்ல. அதன் மனத்தில் இருந்த லாரிதான் வேறு.

அந்த மென்பொருளுக்கு ஒரு லோடு என்றால் ஒரு பயணம். சேலத்தில் ஏற்றி டெல்லியில் இறக்கினால் பயணம் முடிந்தது, கணக்கு முடிந்தது. எங்கள் வண்டி அப்படி ஓடுவதில்லை. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி டெல்லி போகும். அங்கே ஒரு நாள் காத்திருந்து, கிடைத்த லோடோடு ஆக்ரா வரும். ஆக்ராவில் உருளைக்கிழங்கு ஏற்றிப் பெங்களூருவில் இறக்கும். அங்கிருந்து காலியாகவோ அரை லோடோடோ ஷெட்டுக்குத் திரும்பும். இது மொத்தமும் சேர்ந்து எங்களுக்கு ஒரு நடை. ஓட்டுநருக்குக் கொடுத்த முன்பணம், டீசல், டோல், படி, பஞ்சர், தார்ப்பாய் கிழிந்த செலவு எல்லாம் அந்த ஒரு நடைக்குத்தான் சேரும். வண்டி வாசலுக்குள் நுழைந்த பிறகுதான் லாபமா நட்டமா என்று தெரியும்.

ஒரு நடைக்குள் பல லோடு என்ற இந்த ஒன்றை அந்த மென்பொருளால் ஏற்க முடியவில்லை. அதனால் எங்கள் கிளார்க்குகள் கணினியில் ஒரு பொய்க் கணக்கும் நோட்டில் உண்மைக் கணக்குமாக இரண்டு முறை எழுதினார்கள். நோட்டு மூடப்படாத வரை மென்பொருள் வரவில்லை என்றே பொருள்.

எத்தனை லாரி இருந்தால் இது கட்டுப்படியாகும்?

பத்து வண்டிக்குள் என்றால் வேண்டாம். ஒரு நல்ல விரிதாளும் நாணயமான ஒரு கணக்கரும் போதும். எண்ணிக்கையை விடப் பெரிய அறிகுறி ஒன்று உண்டு. போன மாதம் எந்த வண்டி சம்பாதித்தது என்று கேட்டால் பதில் வர மூன்று நாளுக்கு மேல் ஆகிறது என்றால் யோசிக்கத் தொடங்கலாம்.

எதிலிருந்து தொடங்குவது?

நாங்கள் தொடங்கிய இடத்திலிருந்து தொடங்காதீர்கள். முதலாளியின் அறையில் பெரிய திரை, அதில் இந்திய வரைபடம், ஓடும் வண்டிகள் பச்சைப் புள்ளி, நிற்பவை சிவப்பு. பார்க்க வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். ஒரு பைசா மிச்சமாகவில்லை.

எல்.ஆரிலிருந்து, அதாவது லாரி ரசீதிலிருந்து தொடங்குங்கள். வடக்கே பில்டி என்பார்கள். லாரித் தொழிலில் அந்த ஒரு தாள்தான் ஆதாரம், ரசீது, வழக்கு வந்தால் சாட்சி. ஏற்றியவர், பெறுபவர், சரக்கு, எடை, உருப்படி, வாடகை யார் தருவது (அனுப்புபவர் முன்பே கட்டும் பெய்டா, பெறுபவர் கட்டும் டு-பேயா, பிறகு கணக்கில் தீர்க்கும் அக்கவுண்டா) எல்லாம் அதில்தான். சரக்கின் மதிப்பு என்ற கட்டத்தை எங்கள் புக்கிங் கிளார்க் பாதி நேரம் வெறுமையாக விட்டுவிடுவார். 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 என்ன சொல்கிறது தெரியுமா? அனுப்புபவர் கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்குரிய கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், சரக்கு தொலைந்தாலோ கெட்டாலோ நம் பொறுப்பு வாடகையின் 10 மடங்கோடு நிற்கும். அந்தக் கட்டம் வெறுமையாக இருப்பதும் நிரம்பியிருப்பதும் வழக்கறிஞருக்கு இரண்டு வேறு வழக்குகள். இப்போது அதை நிரப்பாமல் எல்.ஆர். அச்சாகாது.

இன்னொன்று, ரத்தான எல்.ஆரை அழிக்கும் வசதியை யாருக்கும் தராதீர்கள், முதலாளிக்கும்கூட. ரத்து என்று குறி விழலாம், எண் மறையக் கூடாது. வரிசையில் காணாமல் போன ஒரு எண்ணுக்குப் பின்னால் எப்போதும் ஒரு கதை இருக்கும், அது நல்ல கதையாக இருப்பதில்லை.

ஓட்டுநர் கணக்கில்தான் எங்களுக்குச் சண்டை. மென்பொருள் அதைத் தீர்க்குமா?

சண்டையைச் சுருக்கும். எங்கள் ஷெட்டில் நடை முடித்து வந்த ஓட்டுநர் முன்பு எப்படிக் கணக்கு ஒப்படைப்பார் என்று சொல்கிறேன். பனியனுக்குள் வைத்திருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து சீட்டுகள் வெளியே வரும். டீசல் ரசீது, ஏற்றுக்கூலி இறக்குக்கூலிக்கு மேஸ்திரி கிறுக்கிக் கொடுத்த துண்டுத்தாள், எடைமேடைச் சீட்டு, வியர்வையில் எழுத்து அழிந்துபோன சில. பதினெட்டு நாள் நடையை ஒரு மணி நேரத்தில் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். ரசீதே கிடைக்காத செலவுகளும் உண்டு. எவை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கணக்கர் ஐந்நூறைக் குறைப்பார், ஓட்டுநர் குரலை உயர்த்துவார், கடைசியில் முதலாளி வந்து இருநூற்றைம்பது என்று முடித்துவைப்பார். யாருக்கும் திருப்தி இருக்காது.

நாங்கள் செய்தது எளிய வேலைதான். செலவு நடந்த அன்றே ஓட்டுநர் ரசீதைப் படம் எடுத்து அனுப்பினால் அது நடைக் கணக்கில் ஏறிவிடும். மறுநாள் காலைக்குள் கணக்கர் அதை ஏற்க வேண்டும், இல்லையென்றால் காரணம் கேட்க வேண்டும். அவர் வாய் திறக்காமல் விட்டால் ஏற்றதாகவே ஆகிவிடும். இந்தக் கடைசி விதியைச் சேர்த்த பிறகுதான் ஓட்டுநர்கள் செயலியை நம்பினார்கள், ஏனென்றால் முதன்முறையாகக் கெடு எங்கள் பக்கமும் விழுந்தது. ரசீது இல்லாத செலவுக்கு வழித்தடத்துக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு. அதற்குள் கேள்வி கிடையாது.

மைலேஜ் அதிகம் தரும் ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை என்று மென்பொருளில் வைக்கலாமா?

நாங்களும் வைத்தோம், நான்கே மாதத்தில் எடுத்தோம். சேலத்துக்கும் தர்மபுரிக்கும் இடையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுபவர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே ஒரு நொடி அமைதியாவார்கள். இறக்கத்தில் கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருள விட்டால் டீசல் மிச்சம். முழு லோடோடு உருளும் வண்டியைப் பிரேக் மட்டும் பிடித்து நிறுத்தும் என்று நம்புவது விபத்துக்கு அழைப்பு. அங்கே நடந்த எத்தனையோ விபத்துகளுக்கு இப்படி உருள விடுவதும் ஒரு காரணம் என்று காவல்துறை எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. நாங்கள் கணினியில் உட்கார்ந்துகொண்டு, லிட்டருக்குக் கால் கிலோமீட்டர் கூடினால் இவ்வளவு ரூபாய் என்று எழுதியது அந்த இறக்கத்தில் என்ன செய்யச் சொல்கிறது என்பதை ஒரு மூத்த ஓட்டுநர்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். இப்போது மைலேஜைக் கணக்கிடுகிறோம், வண்டியின் பழுதைக் கண்டுபிடிக்க. சம்பளத்தோடு அதைக் கோர்ப்பதில்லை.

இ-வே பில்லை மென்பொருளோடு இணைக்க முடியுமா? இணைப்பதால் என்ன பயன்?

முடியும். இ-வே பில் என்பது சரக்கை நகர்த்த அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் மின்னணுச் சீட்டு. அந்தத் தளத்தோடு பேசுவதற்கு ஏ.பி.ஐ. (இரண்டு மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி) உண்டு. நேரடி அனுமதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதால், பெரும்பாலோர் ஜி.எஸ்.டி. சுவிதா வழங்குநர் என்ற இடைநிலை நிறுவனம் வழியாகவே போகிறார்கள். அதைச் சொந்தமாக எழுத நினைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

பயனுக்கு வருவோம். மாநிலங்களுக்கு இடையே 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு 2018 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடும் சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம். சரக்கு விவரம் கொண்ட பகுதி அ-வைச் சரக்குக்காரர் நிரப்பிவிடுவார். வாகன எண் ஏறும் பகுதி ஆ பெரும்பாலும் நம் வேலை, செல்லுபடிக் காலமும் அதிலிருந்துதான் எண்ணப்படும். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். 2020 முடியும் வரை 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இருந்தது. சேலம்–டெல்லி ஏறத்தாழ 2,350 கிலோமீட்டர் என்றால் 12 நாள். போதும் போலத் தோன்றும். ஐதராபாத்துக்கு அப்பால் கியர்பாக்ஸ் உடைந்து நான்கு நாள் பட்டறையில் கிடந்து, டெல்லி குடோன் இரண்டு நாள் விடுமுறையில் இருந்தால் போதாது.

காலாவதியாவதற்கு முந்தைய 8 மணி நேரத்திலும் பிந்தைய 8 மணி நேரத்திலும் மட்டுமே நீட்டிக்க முடியும். காலாவதி விழுவது நள்ளிரவில். அப்படியென்றால் அந்தச் சாளரம் மாலை நான்கு மணிக்குத் திறந்து காலை எட்டு மணிக்கு மூடுகிறது. எங்கள் அலுவலகம் காலை ஒன்பதரைக்குத் திறக்கும்! இந்த ஒரு இடைவெளியில் நாங்கள் கட்டிய அபராதத்தை எழுதினால் முதலாளி வருத்தப்படுவார். சோதனையில் பிடித்தால், சரக்குக்குச் சொந்தக்காரர் முன்வந்து மீட்கும்போதே வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். வண்டி நிற்கும் நாள்களின் வாடகையை யாரும் தர மாட்டார்கள். இப்போது மென்பொருள் தினமும் மாலை நான்கு மணிக்கு, அன்றிரவு காலாவதியாகும் பில்களை வண்டி இருக்கும் இடத்தோடு பட்டியலிடும். பட்டியல் காலியாகாமல் மாலைக் கிளார்க் வீட்டுக்குப் போக முடியாது. எங்கள் மென்பொருளில் தன் செலவைத் தானே ஈட்டிய பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

வண்டி மாறினால் புது எண்ணை ஏற்ற மறக்கக் கூடாது என்பதும் இதில் சேரும். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' விழுவது போன்ற தவறுகளும் வரும். வாகன எண்ணில் ஓரிரு எழுத்துப் பிழைக்காக வண்டியைப் பிடித்துவைக்க வேண்டியதில்லை, சிறு அபராதம் போதும் என்று மறைமுக வரி வாரியம் 2018 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனால் நள்ளிரவுச் சோதனைச் சாவடியில் ஓட்டுநர் சுற்றறிக்கை வாசித்துக் காட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. எண்ணைத் தட்டச்சு செய்ய விடாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைத்துவிடுங்கள்.

சரக்கு சேர்ந்துவிட்டது, பணம் மட்டும் வருவதில்லை. இதற்கு மென்பொருள் என்ன செய்யும்?

பணம் வராததற்குப் பாதிக் காரணம் பி.ஓ.டி. (சரக்கு ஒப்படைத்ததற்கான சான்று) வராததுதான். பெறுபவர் முத்திரை வைத்துக் கையெழுத்திட்ட எல்.ஆர். நகல் கைக்கு வராமல் பெரிய கம்பெனிகள் பில்லைத் தொடுவதே இல்லை. அந்தத் தாளோ ஓட்டுநரின் டேஷ்போர்டில் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். லோடு இறக்கிய இடத்திலேயே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மூலத்தாள்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் வாடிக்கையாளர்களைத் தனியாகக் குறித்து, அவர்களுக்கு மட்டும் கூரியர் வரை பின்தொடருங்கள். 'குறைவு', 'சேதம்' என்று பெறுபவர் எழுதியிருந்தால் அது அன்றே திரையில் தெரிய வேண்டும். வழக்குப் போட நினைப்பவர் புக்கிங் நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதுவரை அந்த எல்.ஆரின் எந்தத் துண்டும் தொலையக் கூடாது.

ஃபாஸ்டேக் கணக்கைச் சரிபார்க்க முடியுமா?

எளிது. வங்கி தரும் அறிக்கையை ஜி.பி.எஸ். பதிவோடு ஒப்பிட்டால் போதும். வண்டி ஓசூரில் நிற்கும்போது வேறொரு சுங்கச்சாவடியில் பணம் பிடித்திருந்தால் தெரிந்துவிடும். இருமுறை பிடித்ததும் தெரியும். திரும்பக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும், கேட்க ஆள் வேண்டும்.

வெளி லாரிக்கு லோடு கொடுக்கிறோம். அந்தக் கணக்கு தனியா?

தனித் திரை, அதே எல்.ஆர். புரோக்கர் கமிஷன், அட்வான்ஸ், பாலன்ஸ் என்று மூன்று நிலை வேண்டும். வண்டி உரிமையாளரின் பான் எண்ணும், அவரிடம் பத்து சரக்கு வாகனத்துக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியும் முதல் நடையிலேயே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அவை இருந்தால் வரிப்பிடித்தம் வேண்டியதில்லை. ஆண்டு முடிவில் தேடினால் அந்த உரிமையாளர் தொலைபேசியை எடுக்க மாட்டார். ஒரே நாளில் ஒருவருக்கு ரொக்கமாக 35,000 ரூபாய்க்கு மேல் லாரி வாடகை கொடுத்தால் வருமான வரியில் அது செலவாக ஏறாது. மென்பொருள் அந்த இடத்தில் கையைப் பிடிக்க வேண்டும்.

வரி விகிதங்களை நிரலுக்குள் எழுதிப் புதைக்காதீர்கள். உள்ளீட்டு வரி (வாங்கியவற்றுக்குக் கட்டிய வரி) எடுத்துக்கொள்ளும் லாரி நிறுவனத்துக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு என்று ஓர் அட்டவணை வைத்திருந்தால் ஒரு வரி மாற்றினால் முடிந்தது. இல்லையென்றால் எழுதியவரைத் தேடி அலைய வேண்டும்.

ஓட்டுநர்கள் செயலியைப் பயன்படுத்துவார்களா?

அவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறார்கள், வங்கிக் கணக்குக்குப் பணம் மாற்றுகிறார்கள், ஊரிலிருக்கும் பேத்தியைக் காணொளியில் பார்க்கிறார்கள். பயன்படுத்தத் தெரியாது என்பது நாம் சொல்லிக்கொள்ளும் சாக்கு. அவர்களுக்குப் பயனில்லாததைத்தான் தொட மாட்டார்கள். தனக்கு வர வேண்டிய பாக்கி எவ்வளவு என்பதை முதல் திரையில் காட்டுங்கள், மற்றவை பின்னால் வரட்டும். தமிழில் இருக்கட்டும், ஆனால் ஷெட் தமிழில். எங்கள் முதல் பதிப்பில் 'சரக்கு இறக்கப்பட்டமை உறுதிசெய்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. யாரும் அழுத்தவில்லை. 'லோடு இறக்கியாச்சு' என்று மாற்றினோம். அன்று மாலையே வந்து விழத் தொடங்கியது.

ஓட்டுநரின் சொந்தத் தொலைபேசியை வைத்து அவரைப் பின்தொடராதீர்கள். வண்டியில் கருவி இருக்கிறது, அது போதும். விடுப்பில் வீட்டில் இருப்பவர் எங்கே போகிறார் என்பது நம் தொழில் அல்ல. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்ததற்கு முன்பும் அது நம் தொழிலாக இருந்ததில்லை.

செயற்கை நுண்ணறிவு வைத்து வழித்தடம் போடலாமே?

ஒரே ஊருக்குள் நாற்பது கடைக்குப் பார்சல் போடுபவருக்கு உதவும். சேலம்–டெல்லி ஓட்டுபவருக்கு வழி தெரியும். வந்து சேரும் நேரத்தைக் கணிக்க வைத்தால், வரைபடம் சொல்லும் கார் நேரத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். பல நகரங்களுக்குள் பகலில் கனரக வண்டிக்கு அனுமதி இல்லை. ஓட்டுநர் மனிதர், தூங்க வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளுக்கு 8 மணி நேரம் என்று எழுதிவைத்தது. இடைவிடாமல் ஓட்டினால்தான் சாத்தியமாகும் நேரத்தை வாடிக்கையாளருக்கு வாக்காகக் கொடுக்கும் மென்பொருள், தெரியாமல் ஓட்டுநரை விரட்டுகிறது.

யாரை வைத்து எழுதுவது?

இரண்டு பேரையாவது சம்பளத்துக்கு வையுங்கள். ஒருவர் மட்டும் என்றால் அவர் திருமணத்துக்கு விடுப்பு எடுக்கும் வாரத்தில்தான் சர்வர் நிற்கும். வெளியே கொடுத்து எழுதினால், மூல நிரலும் தரவுத்தளமும் நம் பெயரில் இருக்க வேண்டும் என்பதை முதல் தவணை கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். சேர்ந்த முதல் மாதம் அந்தப் பிள்ளைகளுக்குக் கணினி தர வேண்டாம். புக்கிங் மேசையில் ஒரு வாரம், கணக்கரோடு ஒரு வாரம், மீதி நாள் வண்டியில். எங்கள் பையன் ஒருவன் கிருஷ்ணகிரி வரை லாரியில் போய்விட்டு வந்து, தான் வடிவமைத்திருந்த திரையில் பாதியை அவனே அடித்துவிட்டான்.

பழைய நோட்டை எப்போது நிறுத்துவது?

இரண்டும் ஒரு காலாண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். வித்தியாசம் வரும்போதெல்லாம் மென்பொருள்தான் தவறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு வந்தவற்றில் கணிசமானவை நோட்டின் தவறு. பிறகு ஒரு மாத முதல் தேதியில் நிறுத்துங்கள். ஆயுத பூஜை வாரத்தில் மட்டும் வேண்டாம், அந்த வாரம் ஷெட்டில் யாரும் உங்கள் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

நன்றாக வந்துவிட்டால் மற்ற லாரி நிறுவனங்களுக்கு விற்கலாமா?

எங்களிடமும் சங்ககிரியிலிருந்து ஒருவர் கேட்டு வந்தார். போட்டுக் காட்டினோம். எல்லாம் பிடித்திருந்தது. கடைசியாக, "என் வாடகைக் கணக்கு உங்கள் சர்வரிலா இருக்கும்?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். காபியைக் குடித்துவிட்டுப் போனவர்தான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன்.